நிரம்பியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

கேள்வி:

என் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மதிப்பெண் அட்டையில் எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல். நோட்டுகள் அச்சடித்தது போல் இருக்கும். சென்ற வாரம் நூலகத்திலிருந்து ஒரு சின்னக் கதைப் புத்தகம் எடுத்து வந்து வாசிக்கச் சொன்னேன். ஒரு வரியைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொல்லிச் சமாளித்தாள். பாடப்புத்தகத்தை மட்டும் மளமளவென்று வாசிக்கிறாள். இன்னொன்றும் உண்டு. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் கழிப்பறைக்கு ஓடுகிறாள். வகுப்பாசிரியையிடம் விசாரித்தால், "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது" என்கிறார். மதிப்பெண் நன்றாக வரும்போது நாமாகப் போய் எதையும் கிளற வேண்டாம் என்கிறார் என் கணவர். மகளோ, "பள்ளிக்கு வந்து எதுவும் கேட்காதே அம்மா" என்று கெஞ்சுகிறாள். இது நல்ல பள்ளிதானா? வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பத்தோரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமை ஆசிரியை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மதிப்பெண், வீட்டுப்பாடம், பள்ளிக் கட்டடம் பற்றியவை. தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒருவர் எழுதியது இதுவே முதல் முறை. உங்கள் கண் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

வாசிப்பையும் பாட்டிலையும் இரண்டு தனிச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. "டீச்சர், வெளியே போய்விட்டு வரட்டுமா?" என்று கேட்க வாய் வராத குழந்தை, "டீச்சர், எனக்கு இது புரியவில்லை" என்று எப்படிக் கேட்கும்? இரண்டுக்கும் தூக்க வேண்டியது அதே கைதானே!

முதலில் வாசிப்பு. பாடப்புத்தகத்தை அவள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் கவனியுங்கள். வாய் ஒரு சொல்லில் இருக்கும், விரல் வேறொரு சொல்லில் இருக்கும். சில சமயம் விரல் வரியின் முடிவுக்கு வருமுன் வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அப்படியானால் அவள் வாசிக்கவில்லை, மனப்பாடத்தை ஒப்பிக்கிறாள். சந்தேகம் இருந்தால் அதே பக்கத்தில் ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதைத் தாளால் மூடுங்கள். வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள். விளையாட்டாகவே செய்யுங்கள். மனப்பாடம் பின்னோக்கி ஓடாது.

அடுத்த நாள் இன்னொன்று செய்து பாருங்கள். அவள் வாசிக்கத் திணறிய அதே கதைப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிறகு கதையைச் சொல்லச் சொல்லுங்கள். 1986ஆம் ஆண்டில் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கத் தெரிவது ஒன்று, காதால் கேட்பதைப் புரிந்துகொள்வது மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கல் என்பதால் ஒரு பக்கம் பூஜ்யமாக இருந்தால் விடையும் பூஜ்யம்தான். நீங்கள் வாசித்துக் காட்டியதும் அவள் கதையைச் சரியாகத் திருப்பிச் சொன்னாள் என்றால் அறிவிலோ மொழியிலோ குறை ஒன்றுமில்லை. எழுத்துக் கூட்டுவதில்தான் சிக்கல். எட்டு வயதில் அது சரிசெய்யக்கூடிய சிக்கல். படத்தைப் பார்த்துத் தானே ஒரு கதை கட்டினாளே, அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்தால் கேட்கும் பக்கம் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன், கண்ணையும் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்ததால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே ஓராண்டை ஓட்டிய சிறுவன் ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். அவனுக்கு நான் "கவனம் போதாது" என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

தமிழ் எழுத்து எளிது என்று பெரியவர்களான நாம் நினைத்துக்கொள்கிறோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247ஐ ஒரு மூச்சில் சொல்லிவிடுவோம். குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். "கெ" என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்றால் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. "க" என்ற ஒரே எழுத்து கல், தங்கம், அகம் என்ற மூன்று சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதை யாராவது பொறுமையாகப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் விட்டால் புத்திசாலிப் பிள்ளைகள் பக்கத்தையே படமாக மனத்தில் பதித்துக்கொள்வார்கள். உங்கள் மகள் செய்திருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. முதல் இரண்டு வகுப்புகளில் அந்த உத்தி செல்லும். மூன்றாம் வகுப்பில் பக்கங்கள் பெருகும், அறிவியலும் கணக்கும் நீண்ட வாக்கியங்களில் வரத் தொடங்கும். அப்போது நினைவு மட்டும் போதாது. நீங்கள் இப்போதே கண்டுபிடித்தது நல்ல நேரம்.

இனி அந்த அச்சடித்த நோட்டு. இந்த வாரம் அதை நிதானமாகப் புரட்டுங்கள். அடித்தல் இருக்கிறதா? தப்பான கணக்கு ஒன்றாவது இருக்கிறதா? அதன் கீழே அவள் மறுபடி போட்டுப் பார்த்த தடம் தெரிகிறதா? நூறு பக்கமும் சிவப்பு மையில் சரிக்குறி மட்டும் இருந்தால் எனக்குக் கவலையாக இருக்கும். எட்டு வயதுக் குழந்தை தானாக யோசித்து எழுதினால் தப்பு வராமல் இருக்காது. தப்பே இல்லாத நோட்டு, கரும்பலகையிலிருந்து இறங்கி வந்த நோட்டு. ஒருமுறை வேறொரு பள்ளியைப் பார்வையிடப் போயிருந்தேன். ஒரே வகுப்பின் முப்பத்தெட்டு நோட்டுகளைப் பக்கம் பக்கமாக விரித்துப் பார்த்தேன். "எனக்குப் பிடித்த விலங்கு" என்ற கட்டுரை. முப்பத்தெட்டுப் பேருக்கும் பிடித்த விலங்கு முயல்! காரணம்கூட ஒன்றே: "அது வெள்ளையாக மெத்தென்று இருக்கும்." கையெழுத்து மட்டும்தான் வேறு வேறு. அந்த ஆசிரியை சோம்பேறி இல்லை. பெற்றோர் நோட்டைப் பார்ப்பார்கள், தப்பு இருந்தால் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தவர். இதில் நமக்கும் பங்கு உண்டு.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். மதிப்பெண் பொய் சொல்வதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பாடத்தின் கடைசியில் உள்ள கேள்வியே தேர்விலும் வந்தால், அந்த மதிப்பெண் நினைவாற்றலைத்தான் அளக்கிறது. 2019இல் உலக வங்கியும் யுனெஸ்கோவின் புள்ளியியல் நிறுவனமும் "கற்றல் வறுமை" என்று ஓர் அளவுகோலை வகுத்தன. பத்து வயதில் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலையை அது குறிக்கிறது. குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள நாடுகளில் 53 விழுக்காட்டுக் குழந்தைகள் அந்த நிலையில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். போய் உட்கார்ந்திருப்பதும் கற்பதும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனையையும் அவரிடம் சொல்லுங்கள். ஒரு பிரிவு மாணவர்களுக்கு அவர்கள் செய்த வேலைக்கு மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு எது நன்றாக வந்திருக்கிறது, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் தொண்ணூறு என்ற எண்ணும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

பாட்டிலுக்கு வருகிறேன். "ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?" என்று கேட்டால் "மறந்துவிட்டேன்" என்பாள். எல்லாக் குழந்தைகளும் அதைத்தான் சொல்லும். அதற்குப் பதிலாகப் பள்ளிக் கழிப்பறையை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். கதவு எங்கே, தாழ்ப்பாள் எங்கே, குழாய் எங்கே, யாருடன் போவாய், வெளியே யார் நிற்பார்கள் என்று வரையும்போதே பேசிக்கொண்டிருங்கள். வாய் சொல்லாததைப் பென்சில் சொல்லிவிடும்.

காரணம் பெரும்பாலும் மிகச் சின்னதாக இருக்கும். நான் தலைமையேற்ற முதல் ஆண்டில் முதல் வகுப்புப் பெண் குழந்தைகள் இடைவேளையில் கழிப்பறைப் பக்கமே போகாமல் இருந்தார்கள். சுத்தமாகத்தான் இருந்தது, தண்ணீரும் வந்தது. எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அந்தக் குழந்தைகளின் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தாழ்ப்பாள் என் தலைக்கு மேலே இருந்தது. பெரியவர்களின் தோளுயரத்தில் பொருத்தியிருக்கிறார்கள்! எட்டாத தாழ்ப்பாளைப் போட முடியாமல், யாராவது கதவைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளைகள் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். தச்சர் வந்து கீழே ஒரு தாழ்ப்பாள் பொருத்த அரை மணி நேரம் ஆனது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள், எத்தனை குழந்தைகள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

உங்கள் மகளுக்குக் காரணம் தாழ்ப்பாளாக இருக்கலாம், நாற்றமாக இருக்கலாம், வழியில் நின்று கேலி செய்யும் பெரிய பிள்ளைகளாக இருக்கலாம். "இப்போதுதானே இடைவேளை விட்டேன், உட்கார்" என்று யாருக்கோ சொன்ன ஒரு வார்த்தையாகவும் இருக்கலாம். அதைக் கேட்ட சாதுவான குழந்தை தனக்கும் அதுவே விதி என்று எடுத்துக்கொள்ளும். அல்லது, இருக்கும் கழிப்பறைகள் போதாமல் இடைவேளை வரிசையிலேயே முடிந்துவிடலாம். வசதி குறைந்த பள்ளிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியே 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்கிறது. மாணவர்கள் என்றால் 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்கத் தனி இடமும். உங்கள் பள்ளியில் எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். எரிச்சல், வயிற்றுவலி, இரவில் படுக்கை நனைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதில் எந்தப் பாடம் ஏறும் என்பதையும் யோசியுங்கள்.

வகுப்பாசிரியையின் பதிலுக்கு வருவோம். "இருக்கிற இடமே தெரியாது" என்று அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். நானும் அப்படிச் சொன்னவள்தான். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்று பல ஆண்டுகள் பெருமையடித்துக்கொண்டேன். எனக்கு மூத்த ஆசிரியை ஒருவர், பள்ளி முடிந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னார். முதலில் வந்தவை குறும்புக்காரர்களின் பெயர்கள், அடுத்து முதல் மதிப்பெண் வாங்குபவர்கள். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தேழோடு நின்றுவிட்டேன். நினைவுக்கு வராத அந்த ஐவரும் தங்கமான பிள்ளைகள். மறுநாளிலிருந்து அந்த ஐவரிடமும் தினமும் ஒரு வார்த்தையாவது தனியாகப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். அவர்களில் இருவருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது அந்த வாரமே தெரிந்தது.

ஆசிரியையைப் பார்க்கும்போது மாலையில் தனியாக நேரம் கேட்டுப் போங்கள். வாசலில் மற்றப் பெற்றோர் சூழ நிற்கும்போது வேண்டாம். "நன்றாகப் படிக்கிறாளா?" என்ற கேள்விக்கு "நன்றாகப் படிக்கிறாள்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. "அவளுக்கு இன்னும் வராதது எது?" என்று கேளுங்கள். "ஒற்றெழுத்து வந்தால் தடுமாறுகிறாள், கொம்பு வைத்த எழுத்தில் நிற்கிறாள்" என்று அவர் சொன்னால் பாதிக் கவலையை இறக்கி வைக்கலாம். உங்கள் மகளை அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதில் பொதுவாக இருந்தால் அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். "வீட்டில் இதை வாசிக்கச் சிரமப்பட்டாள் டீச்சர். ஒருநாள் நீங்கள் தனியாக வாசிக்க வைத்துப் பார்த்துச் சொல்வீர்களா? அதற்கேற்ப வீட்டில் நானும் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். குற்றம் சாட்டாதீர்கள், ஆனால் பதில் இல்லாமல் திரும்பியும் வராதீர்கள். எந்த நாள் சொல்வார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை விஷயத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டு போங்கள். வகுப்பாசிரியையால் தாழ்ப்பாள் மாற்ற முடியாது.

வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் போதும். நீங்கள் ஒரு வரி, அதே வரியை அவள். அது சுலபமானதும் நீங்கள் ஒரு வரி, அடுத்த வரி அவள். தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அப்புறமும் வராவிட்டால் சொல்லிவிட்டு நகருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். அதைவிடச் சின்னதை எடுங்கள். படத்தை மறைக்க வேண்டாம். பாடப்புத்தகத்தை இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் கொண்டுவரவும் வேண்டாம்.

பள்ளியை மாற்றலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். எழுத்துக் கூட்டத் தெரியாத சிக்கல் புதுப் பள்ளிக்கும் கூடவே வரும். அங்கே பழகிய தோழியும் இருக்க மாட்டாள். ஒரு பருவம் பாருங்கள். நீங்கள் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே பள்ளியை அளந்துவிடலாம். கோளாறே இல்லாத பள்ளி எங்கும் கிடையாது. சொன்ன பிறகு எழுந்து போய்ப் பார்க்கும் பள்ளி உண்டு. "மற்றப் பிள்ளைகள் யாரும் சொல்லவில்லையே" என்று கையை விரிக்கும் பள்ளியும் உண்டு. இரண்டாவது வகை என்று தெரிந்தால் மாற்றத் தயங்காதீர்கள். புதுப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது கணினி அறையைக் காட்ட வருவார்கள், நீங்கள் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். இடைவேளை நேரத்தில் போங்கள். தலைமை ஆசிரியர் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது குழந்தைகள் ஓடி வந்து ஏதாவது சொல்கிறார்களா, சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரே ஒரு நிலையில் பருவமும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். அடி, எல்லோர் முன்னும் அவமானம், தொடக்கூடாத தொடுதல், இவற்றில் ஏதாவது ஒன்று தெரியவந்தால் அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். தொடுதல் என்றால் பள்ளி விசாரிக்கட்டும் என்று காத்திருக்காமல், குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளிடமே நேரே போங்கள். "லேசாகத்தான் தட்டினோம்" என்பதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பள்ளி ஒழுங்கு குழந்தையின் கண்ணியத்துக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று 28ஆவது பிரிவில் சொல்கிறது. லேசாக, பலமாக என்ற பாகுபாடு அங்கே இல்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஆனாலும் "வந்து எதுவும் கேட்காதே" என்று ஒரு குழந்தை கெஞ்சும்போது, எதற்கு அஞ்சுகிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது. "அம்மா வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருங்கள்.

அவள் வேண்டாம் என்றாலும் நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் போகாதீர்கள். முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்: டீச்சரிடம் வாசிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன், கழிப்பறையைப் பற்றிப் பெரிய டீச்சரிடம் சொல்லப் போகிறேன், உன்னை யாரும் திட்ட மாட்டார்கள், எதைச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறாயோ அதைச் சொல், அதை விட்டுவிடுகிறேன். சொன்னபடியே விட்டும்விடுங்கள். அவள் சொல்ல வேண்டாம் என்பது யாருடைய பாதுகாப்பையாவது பாதிக்கும் செய்தியாக இருந்தால் மட்டும், அதை ஏன் மறைக்க முடியாது என்று அவளிடமே விளக்கிவிட்டுப் போங்கள்.

நாளையிலிருந்து பாட்டிலின் வெளிப்பக்கம் ஒரு பட்டைத் தாளை ஒட்டி, மாலையில் மீதி இருக்கும் தண்ணீரின் அளவுக்கு ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பள்ளிக்குப் போய் வந்து மூன்று வாரம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். மதிப்பெண் அட்டையின் நகல் வேண்டாம். அந்தக் கோடுகள் எங்கே நிற்கின்றன என்று எழுதுங்கள்.